முள்வேலிக்குள் ரக்பி: நியூசிலாந்து இரண்டுபட்ட 1981

1981 ஜூலை 25, சனிக்கிழமை. நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரில் வைக்காட்டோ அணியும் தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பாக் அணியும் மோதவிருந்தன. ஆட்டம் தொடங்குவதற்குள் மைதானத்தின் ஒரு பக்க வேலியைப் பிய்த்துக்கொண்டு சுமார் 350 பேர் உள்ளே புகுந்து, புல்தரையின் நடுவில் கைகோத்து நின்றுவிட்டார்கள். இருக்கைகளில் நிறைந்திருந்த கூட்டம் ‘ரக்பி வேண்டும்’ என்று ஒரே குரலில் முழங்கியது. காவலர்கள் ஒவ்வொருவராகப் பிரித்து இழுத்துப்போய்க்கொண்டிருந்தபோது இன்னொரு தகவல் வந்தது: டாவ்போ நகரிலிருந்து ஒருவர் சிறு விமானம் ஒன்றைத் திருட்டுத்தனமாகக் கிளப்பிக்கொண்டு மைதானத்தை நோக்கி வருகிறார். இனியும் பொறுப்பேற்க முடியாது என்று காவல்துறை ஆணையர் பாப் வால்டன் ஆட்டத்தை ரத்து செய்தார். அதன்பின் கூட்டத்திலிருந்து பாட்டில்களும் பீர் டப்பாக்களும் பறந்தன. களத்தைவிட்டு வெளியேறிய போராட்டக்காரர்கள் வழியெங்கும் உதைபட்டார்கள்.

தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976இல்தான். இந்த ஆட்டத்தை நேரலையில் காண அங்குள்ள வெள்ளையர்கள் விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்டது ரக்பியை அல்ல. உலகத்தின் மறுகோடியில், தங்களைப் போலவே வெள்ளையர் ஆளும் ஒரு நாட்டில், தங்கள் அணி விளையாடக் கூடாது என்பதற்காக அடி வாங்கத் தயாராக வந்திருந்த வெள்ளை முகங்களை. ராபன் தீவுச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவுக்கும் செய்தி எட்டியது. இருட்டில் சூரியன் எட்டிப்பார்த்தது போல இருந்தது என்ற பொருளில் பின்னாளில் அவர் அதை நினைவுகூர்ந்தார்.

அந்தச் சுற்றுப்பயணம் 56 நாட்கள் நீடித்தது. அந்நாட்களில் 28 ஊர்களில் 200க்கும் மேற்பட்ட ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் கலந்துகொண்டார்கள். ஏறத்தாழ 1,500 பேர் மீது வழக்குகள் பதிவாயின. நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது முப்பது இலட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான் என்பதோடு சேர்த்து இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். இருந்தும், எதிர்த்தவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. திட்டமிட்ட 16 ஆட்டங்களில் 14 நடந்தேறின. அணியை வரவிட்ட அரசு அந்த ஆண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் மீண்டும் வென்றது. கணக்குப்படி இது தோற்றுப்போன போராட்டம். ஆனால் அதற்குப் பிறகு, நிறவெறி ஆட்சி முடிவுக்கு வரும் வரை, எந்த ஸ்பிரிங்பாக் அணியாலும் நியூசிலாந்து மண்ணில் கால்வைக்க முடியவில்லை. இந்த முரணுக்கான விடையை எண்ணிக்கைகளில் தேடிப் பயனில்லை. விளையாட்டை அரசியலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொன்னவர்கள், அதைக் காப்பாற்றக் கையாண்ட வழிகளில் அந்த விடை கிடக்கிறது என்பது என் கருத்து.

தந்தி ஒன்றும் தவிர்க்கப்பட்டவர்களும்

நியூசிலாந்தில் ரக்பி என்பது நம் ஊர்க் கிரிக்கெட்டைவிட ஆழமாக வேர்விட்ட ஒன்று. குடியேறிய வெள்ளையரும் மண்ணின் மக்களான மாவோரிகளும் சமமாக நின்ற இடம் என்று அந்நாடு பெருமையோடு சுட்டிக்காட்டிய களம் அது. ‘உலகிலேயே சிறந்த இன உறவு எங்களுடையது’ என்று அங்கே மேடைதோறும் சொல்லப்பட்டது. ஆதாரம் கேட்டால் தேசிய அணியான ஆல் பிளாக்ஸைக் காட்டுவார்கள்.

தென்னாப்பிரிக்கா வந்து சேரும் வரைதான் அந்த ஆதாரம் செல்லும். 1921இல் ஸ்பிரிங்பாக் அணி முதன்முறையாக நியூசிலாந்துக்கு வந்து, நேப்பியர் நகரில் மாவோரி அணியோடு ஆடியது. உடன் வந்த தென்னாப்பிரிக்கச் செய்தியாளர் ஊருக்கு ஒரு தந்தி அடித்தார்: நிறத்தவர் அணி ஒன்று வெள்ளையரை வெல்ல வேண்டும் என்று ஆயிரக்கணக்கான வெள்ளையர்களே ஆர்ப்பரித்தது சகிக்கவில்லை என்பது அதன் சாரம். தந்தி அலுவலகத்திலிருந்து அது கசிந்து உள்ளூர்ப் பத்திரிகையில் வெளிவந்தது. நாடே கொதித்தது. ஆனால் ஏழே ஆண்டுகளில், 1928இல் ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்டபோது மாவோரி வீரர்களை வீட்டில் விட்டுவிட்டே போனது. விடப்பட்டவர்களில் ஜார்ஜ் நேப்பியாவும் ஒருவர். அந்நாடு கண்ட மிகச் சிறந்த ஃபுல்பேக் என்று இன்றும் பேசப்படுபவர். 1949இலும் அதே கதை. அந்த ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ஒரு விநோதம் நடந்தது: முழு வெள்ளை ஆல் பிளாக்ஸ் அணி டர்பனில் தென்னாப்பிரிக்காவிடம் தோற்ற அதே நாளில், தாயகத்தில் மிச்சமிருந்தவர்களைக் கொண்டு அமைத்த இன்னொரு ஆல் பிளாக்ஸ் அணி வெலிங்டனில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது.

முதல் எதிர்ப்பு இந்தப் புறக்கணிப்புக்கு எதிராகத்தான் எழுந்தது. ‘மாவோரி இல்லையேல் பயணம் இல்லை’ என்ற முழக்கத்தோடு 1960 பயணத்துக்கு எதிராகத் திரட்டிய மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் ஷார்ப்வில்லில் தென்னாப்பிரிக்கக் காவலர்கள் 69 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அப்போதும் அணி போனது.

அந்த முழக்கத்தில் ஒரு குறை இருந்தது. ‘எங்கள் மாவோரிகளை அனுமதித்துவிட்டால் உங்களோடு ஆடத் தடையில்லை’ என்ற பொருளும் அதற்குள் ஒளிந்திருந்தது. தென்னாப்பிரிக்கா அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. மாவோரிகள் கூடாது என்று அது பிடிவாதம் பிடித்ததால் 1967 பயணம் கைவிடப்பட்டது; மூன்றே ஆண்டுகளில், 1970இல், மாவோரி, சமோவா வழி வீரர்களைக் ‘கௌரவ வெள்ளையர்’ என்ற பெயரில் உள்ளே விட்டது. அவர்களில் ஒருவரான பிரையன் வில்லியம்ஸ் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கத் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்கள் திரண்டார்கள், அதுவும் தங்களுக்கென ஒதுக்கிய மூலைகளில் நின்று. கேள்வி இனி மாவோரி வீரர் ஒருவர் போகலாமா என்பதல்ல என்று சிலருக்குப் புரிந்தது. 1969இல் தொடங்கிய ‘ஹார்ட்’ என்ற இயக்கம், நிறவெறி நாட்டோடு எந்த விளையாட்டு உறவும் கூடாது என்றது. ட்ரெவர் ரிச்சர்ட்ஸ் அதன் தொடக்க கால முகம். 1981இல் ஜான் மின்ட்டோ.

1973இல் தொழிற்கட்சிப் பிரதமர் நார்மன் கர்க் ஸ்பிரிங்பாக் பயணத்தைத் தடுத்தார். தலையிட மாட்டேன் என்று தேர்தலுக்கு முன் சொல்லியிருந்தவர். நாடு அதுவரை கண்டிராத வன்முறை வெடிக்கும் என்று காவல்துறை எச்சரித்ததும், மறு ஆண்டு கிறைஸ்ட்சர்ச்சில் நடக்கவிருந்த காமன்வெல்த் போட்டியை ஆப்பிரிக்க நாடுகள் புறக்கணிக்கும் என்ற அச்சமும் அவரை மாற்றின. அந்த முடிவுக்கான விலையை அவர் கட்சி 1975 தேர்தலில் கொடுத்தது. தோல்விக்குப் பொருளாதாரம் உட்படப் பல காரணங்கள் உண்டு. ஆனால் ‘ரக்பியில் கைவைத்தால் ஆட்சி போகும்’ என்ற பாடத்தையே அரசியல்வாதிகள் எல்லோரும் படித்துக்கொண்டார்கள்.

வாக்குக் கணக்கு

அந்தப் பாடத்தை நன்றாகவே படித்தவர் ராபர்ட் மல்டூன். 1975இல் அவருடைய தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்து, அவர் பிரதமரானார். மறு ஆண்டு, சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருக்க, ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்காவில் ஆடிக்கொண்டிருந்தது. நியூசிலாந்தை வெளியேற்றக் கோரி ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள் வெளியேறின. நியூசிலாந்தின் ஜான் வாக்கர் 1,500 மீட்டரில் தங்கம் வென்றார். அவருடைய பெரும் போட்டியாளரான தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயி ஓட்டக்களத்தில் இல்லை. ரக்பி ஒலிம்பிக் ஆட்டமே இல்லையே என்று நியூசிலாந்து சொன்னது சட்டப்படி சரிதான். கேட்க ஆளில்லை.

1977இல் காமன்வெல்த் தலைவர்கள் ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் கூடி, தென்னாப்பிரிக்காவுடனான விளையாட்டு உறவுகளைத் தத்தம் நாடுகளில் ஊக்கமிழக்கச் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். மல்டூனும் கையொப்பமிட்டார். ஆனால் அந்த ஒப்பந்தம் எந்த அரசையும் தடை விதிக்கக் கட்டாயப்படுத்தவில்லை. அவரவர் சட்டப்படி என்று ஒரு சந்து விட்டிருந்தது. ரக்பி சங்கம் 1981க்கு அழைப்பு விடுத்தபோது மல்டூன் அந்தச் சந்தில் நுழைந்துகொண்டார். சங்கத்தின் தலைவர் செஸ் பிளேசிக்குத் துணைப் பிரதமர் பிரையன் டால்பாய்ஸ் கடிதம் எழுதினார். பயணத்தை அரசு விரும்பவில்லை என்றது கடிதம். சங்கம் மறுத்துவிட்டது. விசா மறுப்பது சுதந்திர நாட்டுக்கு அழகல்ல என்றது அரசு. ஜூலைத் தொடக்கத்தில் மல்டூன் தொலைக்காட்சியில் பேசினார். தொல்லைதான் வரும் என்று எச்சரித்த அதே பேச்சில், உலகப் போரில் இரு நாட்டு வீரர்களும் தோளோடு தோள் நின்று மாண்டதை உருக்கமாக நினைவூட்டினார். யாரைத் தடுக்க, யாரைத் தேற்ற அந்தப் பேச்சு என்பது கேட்டவர்களுக்கு விளங்காமலில்லை.

பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில் ஆண்டதும் வலதுசாரி அரசுதான். ஆனால் மால்கம் ஃபிரேசரின் அரசு, ஸ்பிரிங்பாக் வீரர்கள் வரும் விமானம் தங்கள் மண்ணில் இறங்கக் கூடாது என்றது. அணி அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு வர நேர்ந்தது. ஆக்லாந்தில் கூடவிருந்த காமன்வெல்த் நிதியமைச்சர்கள் மாநாடு பஹாமாஸுக்கு மாறியது. ‘இது வெறும் விளையாட்டு’ என்ற வாதம் நாட்டின் எல்லைக்கு வெளியே யாரிடமும் எடுபடவில்லை. எல்லைக்கு உள்ளே அதற்கு விலை இருந்தது: தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, நூலிழையில் கைமாறக்கூடிய தொகுதிகள் பல, ரக்பியே வார இறுதியாக இருந்த சிறு நகரங்களில் இருந்தன. நவம்பர் 28 தேர்தலில் மொத்த வாக்குகளில் தொழிற்கட்சி சற்று முந்தியது. ஆனால் 92 இடங்களில் 47ஐப் பிடித்து தேசியக் கட்சி ஆட்சியைத் தக்கவைத்தது. பயணம் இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பது இன்றும் தீராத வாதம். மல்டூனின் கணக்கு தவறவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

தலைக்கவசம் அணிந்த ஆசிரியர்கள்

பயணத்தை ஆதரித்தவர்களை நிறவெறியர்கள் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது, அது உண்மையுமல்ல. நிறவெறிச் சட்டங்களை வெளிப்படையாகப் போற்றியவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலோர் வேறொன்றைச் சொன்னார்கள்: வாரம் முழுக்க உழைக்கிறோம், சனிக்கிழமை ஆட்டம் பார்க்கிறோம், சட்டத்துக்குட்பட்டு நடக்கும் ஆட்டத்தைத் தடுக்க இந்தப் பல்கலைக்கழகக்காரர்களுக்கு யார் உரிமை தந்தது? இந்தக் கோபத்தில் ரக்பியைவிடப் பெரிய விஷயங்கள் அடங்கியிருந்தன. கிராமமும் சிறு நகரமும் தங்கள் செல்வாக்கை இழந்துகொண்டிருந்த காலம் அது. எதிர்த்தரப்பில் மாணவர்கள், ஆசிரியர்கள், பாதிரிமார், தொழிற்சங்கத்தினர், பெண்கள். ரக்பியின் ஆண்மைப் பெருமிதத்தையே கேள்வி கேட்ட பெண்கள் அணி ஒன்று, ஆட்டம் முடிந்து வருபவர்களின் உடுப்பைத் துவைக்காதீர்கள், சோறு போடாதீர்கள் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டது. அப்பனும் மகனும் பேசிக்கொள்ளாத வீடுகள், நண்பர்கள் தெருவின் மறுபக்கம் நடந்துபோன ஊர்கள் பற்றி அக்காலத்தை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆனால் நகரம் ஒரு பக்கம், கிராமம் ஒரு பக்கம் என்று கோடு போட்டுவிட முடியாது. ஆல் பிளாக்ஸ் அணியின் தலைவர் கிரஹாம் மூரி, டாரனாக்கியைச் சேர்ந்த விவசாயி. மனசாட்சி இடம் தரவில்லை என்று ஆட மறுத்துவிட்டார். மையக்களத்து வீரர் புரூஸ் ராபர்ட்சனும் விலகினார். ஒரு ரக்பி வீரருக்கு ஸ்பிரிங்பாக்கோடு மோதுவதைவிடப் பெரிய மேடை அன்று கிடையாது என்பதை அறிந்தவர்களுக்குத்தான் அந்த மறுப்பின் கனம் புரியும்.

ஹாமில்டனுக்குப் பிறகு காவல்துறை தன் போக்கை மாற்றிக்கொண்டது. நான்கே நாட்களில், ஜூலை 29 இரவு, தலைநகர் வெலிங்டனின் மோல்ஸ்வொர்த் தெருவில் தென்னாப்பிரிக்கத் துணைத் தூதரின் இல்லத்தை நோக்கிப் போன ஊர்வலத்தைக் காவலர்கள் மறித்தார்கள். முன்வரிசை நிற்க இடமின்றிப் பின்னாலிருந்து தள்ளப்பட, தடிகள் தலைகளில் இறங்கின. நடுத்தர வயதுப் பெண்கள் இரத்தம் வழிய நின்ற படங்கள் மறுநாள் வெளிவந்தன. அதே இரவில்தான் லண்டனில் சார்லஸ்-டயானா திருமணம் நடந்தது. ஒரே மாலையில், ஒரே தொலைக்காட்சிப் பெட்டியில், இரண்டையும் அந்நாடு பார்த்தது.

அடுத்த ஊர்வலங்களுக்கு மக்கள் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் அணிந்து வந்தார்கள். மார்புக்குள் அட்டையும் மெத்தைத் துண்டும் செருகிக்கொண்டார்கள். காவல்துறை சிவப்பு அணி, நீல அணி என்று கலவரத் தடுப்புப் பிரிவுகளை அமைத்தது. கைப்பிடியோடு கூடிய நீளத் தடி புழக்கத்துக்கு வந்தது. போராட்டத் தலைவரின் பெயரைச் சொல்லி அதற்கு ‘மின்ட்டோ பார்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மைதானங்களைச் சுற்றி முள்கம்பிச் சுருள்கள். அவற்றுக்கு வெளியே சுவர்போல அடுக்கிய இரும்புப் பெட்டகங்கள். டிமாருவில் நடக்கவிருந்த ஆட்டத்தைப் பாதுகாக்க முடியாது என்று முன்கூட்டியே கைவிட்டார்கள்.

போராட்டத்தின் உண்மையான வெற்றியாக நான் எண்ணுவது இந்த முள்கம்பியைத்தான். ஹாமில்டனைப் போல மறுபடியும் ஒருமுறை களத்தைக் கைப்பற்ற அவர்களால் முடியவில்லை. ஆனால் புதன்தோறும் சனிதோறும் தெருவில் இறங்கியதன் மூலம், ஒரு ரக்பி ஆட்டத்தை நடத்த ஒரு நாடு என்னவெல்லாம் செய்யவேண்டியிருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி செய்தார்கள். அரசியல் நுழையக் கூடாது என்று காவல் காத்த இடத்தில், அரசின் மொத்த பலமும் வந்து நின்றது. ஆயுதக் காவலுக்கு நடுவே ஒரு வெள்ளையர் அணி ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு, அது எந்த நாட்டின் காட்சி என்ற குழப்பம் வராமலிருந்திருக்காது.

தென்னாப்பிரிக்கர்களும் தங்கள் பங்குக்கு அலங்காரம் செய்துகொண்டுதான் வந்தார்கள். எரோல் டோபியாஸ் என்ற நிறத்தவர் அணியில் இருந்தார். துணை மேலாளர் ஏப் வில்லியம்ஸும் நிறத்தவர். டோபியாஸ் அந்த ஆண்டே அயர்லாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடித் தன் திறமையைக் காட்டியவர். நியூசிலாந்தில் ஒரு டெஸ்டிலும் அவரைக் களமிறக்கவில்லை.

முதல் டெஸ்ட் கிறைஸ்ட்சர்ச்சில்; நியூசிலாந்து 14-9 என வென்றது. வெலிங்டனில் தென்னாப்பிரிக்கா 24-12. தொடர் சமநிலையில் நிற்க, செப்டம்பர் 12 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் மூன்றாவது டெஸ்ட். மைதானத்துக்கு வெளியே தெருச்சண்டை. கோமாளி வேடமிட்டு வந்த சிறு குழுவைக்கூடக் காவலர்கள் விட்டுவைக்காமல் அடித்தது அன்றைய மிக அசிங்கமான நிகழ்ச்சிகளில் ஒன்று. மேலே, மார்க்ஸ் ஜோன்ஸ் ஓட்டிய வாடகைச் செஸ்னா விமானம் ஆட்ட நேரம் முழுவதும் களத்துக்குச் சற்று மேலாக மீண்டும் மீண்டும் பறந்தது. உடனிருந்த கிராண்ட் கோல் மாவுப் பொட்டலங்களையும் துண்டறிக்கைகளையும் வீசினார். ஒரு பொட்டலம் ஆல் பிளாக்ஸ் வீரர் கேரி நைட்டைத் தாக்கிக் கீழே சாய்த்தது. ஆட்டம் நிற்கவில்லை. 22-22 என்ற நிலையில், வெற்றியைத் தந்திருக்கக்கூடிய உதையை நாஸ் போத்தா தவறவிட, கூடுதல் நேரத்தில் ஆலன் ஹியூசன் அடித்த பெனால்டியில் நியூசிலாந்து 25-22 என வென்றது. ஜோன்ஸ் சிறைக்குப் போனார். ரக்பி வரலாற்றின் மகத்தான தொடர்களில் ஒன்று இது என்பார்கள் ஆட்டத்தை மட்டும் பார்க்கத் தெரிந்தவர்கள். அவர்கள் சொல்வதிலும் பொய்யில்லை.

‘இங்கே நடப்பது என்ன?’

அந்த ஆண்டின் காவல்துறை அமைச்சர் பென் கவுச், மாவோரி. மாவோரி விவகார அமைச்சரும் அவரே. முன்னாள் ஆல் பிளாக்ஸ் வீரர். 1949இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போக முடியாமல் சொந்த மண்ணில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடியவர். பிறப்பு காரணமாகத் தன்னை ஒதுக்கிய அதே நாட்டின் அணி பத்திரமாக விளையாட, இப்போது அவர் பொறுப்பிலிருந்த காவலர்கள் தடியடி நடத்தினார்கள். பயணத்தை அவர் ஆதரித்தார். இதைத் துரோகம் என்று அன்றைய இளைஞர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படிச் சொல்லத் துணிவில்லை. பழைய தலைமுறை மாவோரிகள் பலருக்கு ரக்பிதான் வெள்ளையர் உலகம் மனமாரத் திறந்துவிட்ட ஒரே கதவு. அதை அடைத்துக்கொள்ளச் சொல்வது எளிதல்ல. கிஸ்போர்னில் ஸ்பிரிங்பாக் அணியை மாவோரி மரபுப்படி மராயே என்ற பொது மன்றத்தில் வரவேற்றவர்களும் உண்டு. அதே ஊரில், அதே இனத்தவர் எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்ததும் உண்டு. 1921இல் தந்தி பிறந்த நேப்பியரில் மாவோரி அணி மறுபடி ஸ்பிரிங்பாக்கோடு ஆடி 12-12 எனச் சமன் செய்தது.

இளைய மாவோரிகள் வேறு கேள்வியோடு வந்தார்கள். ஆக்லாந்தின் பாஸ்டியன் பாயின்ட் நிலத்தை மீட்க அவர்களில் பலர் 506 நாட்கள் குடிசை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள். 1978 மே 25 அன்று அவர்களை அகற்றப் பெரும் காவல் படை வந்தபோது இந்த வெள்ளைத் தாராளவாதிகளில் எத்தனை பேர் கைகோத்து நின்றார்கள்? பறிபோன நிலம், பள்ளியில் நாவடக்கப்பட்ட மொழி, சிறைகளில் நிறைந்திருக்கும் தங்கள் பிள்ளைகள். கடல் கடந்த அநீதிக்காக மண்டை உடைய நிற்பவர்களே, இங்கே நடப்பது என்ன என்று அவர்கள் போராட்டத்துக்கு உள்ளேயே நின்று கேட்டார்கள். இந்தக் கேள்வி எதிர்ப்பியக்கத்தைக் கசப்பாகப் பிளந்தது. கூட்டங்கள் உடைந்தன. டோனா அவாட்டெரே அடுத்த ஆண்டுகளில் மாவோரி இறையாண்மை பற்றி எழுதியவை பல வெள்ளைத் தோழர்களைச் சுட்டன. மாவோரி இயக்குநர் மெராட்டா மீட்டா அந்த நாட்களைப் பதிவுசெய்து 1983இல் வெளியிட்ட ‘பாட்டு!’ என்ற ஆவணப்படம் இரு அநீதிகளையும் பிரித்துப் பார்க்க மறுத்தது. 1985இல், மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி நடுவர் மன்றத்தின் அதிகாரம் 1840 வரை பின்னோக்கி விரிவுபடுத்தப்பட்டு, பறிக்கப்பட்ட நிலங்களைப் பற்றிய விசாரணைக்கு வழி திறந்தது. ரக்பிப் போராட்டம்தான் அதைக் கொண்டுவந்தது என்று நேர்க்கோடு போடுவது மிகை. நில மீட்பு இயக்கம் அதற்கு முன்பே நடையைத் தொடங்கிவிட்டது. ஆனால் கேட்கும் காதுகளை 1981 பெருக்கியது.

இந்த இடத்தில் நம் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்கு இந்தியா முன்னேறியது. சென்னைச் சகோதரர்களான விஜய், ஆனந்த் அமிர்தராஜ் அப்போது உச்சத்தில் இருந்தார்கள். எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. வாழ்நாள் வாய்ப்பை இழந்தவர்கள் வீரர்கள். முடிவை எடுத்தது அரசு. தெருவில் ஒருவர் தலையும் உடையவில்லை. நியூசிலாந்தில் அரசு கைகழுவியதைச் சாதாரண மக்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள். அந்த வேறுபாட்டால்தான் அங்கே வாதம் ஒவ்வொரு வீட்டின் சாப்பாட்டு மேசைக்கும் போனது. உலக அளவில் இந்தப் புறக்கணிப்பை லண்டனிலிருந்து ஒருங்கிணைத்தவர்களில் முக்கியமானவரான சாம் ராம்சாமி, டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர் என்பதையும் சொல்லிவைக்கலாம். பெயரே வேரைச் சொல்லும். மறுபுறம், 1982இல் பந்துல வர்ணபுர தலைமையில் இலங்கைக் கிரிக்கெட் வீரர்கள் சிலர் பணத்துக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் 25 ஆண்டுத் தடையை வாங்கிக்கொண்டார்கள்.

நீதிமன்றத்தில்

1985இல் ஆல் பிளாக்ஸ் தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டும் என்று ரக்பி சங்கம் மறுபடி முடிவெடுத்தது. ஆட்சியில் இப்போது டேவிட் லாங்கேயின் தொழிற்கட்சி. அதுவும் எதிர்த்ததே தவிரக் கடவுச்சீட்டைப் பறிக்கவில்லை. பயணத்தை நிறுத்தியவர்கள் இரண்டு வழக்கறிஞர்கள், அதிலும் ரக்பி மன்றங்களின் உறுப்பினர்கள். அவர்களுடைய வாதத்தில் தென்னாப்பிரிக்காவின் நீதி அநீதிக்கு முதலிடம் இல்லை. ரக்பி ஆட்டத்தை வளர்ப்பது சங்கத்தின் விதிகளிலேயே எழுதப்பட்ட கடமை; இந்தப் பயணம் ஆட்டத்துக்கே கேடு; ஆகவே சங்கம் தன் விதியையே மீறுகிறது. 1981க்கு முன் இப்படி ஒரு வாதத்தை வைத்திருந்தால் சிரித்திருப்பார்கள். முள்கம்பிக்குப் பின்னால் ஆட்டம் பார்த்த நாட்டில், பிள்ளைகளை ரக்பிக்கு அனுப்பத் தயங்கத் தொடங்கிய பெற்றோர் இருந்த நாட்டில், நீதிபதி கேசி அதைச் செவிமடுத்து இடைக்காலத் தடை விதித்தார். பயணம் ரத்தானது.

வீரர்கள் விடவில்லை. மறு ஆண்டு, சங்கத்தின் அனுமதியின்றி, ‘கவாலியர்ஸ்’ என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார்கள். 1985க்குத் தேர்வான அணியில் இருவரைத் தவிர எல்லோரும் போனார்கள். மறுத்த இருவர் டேவிட் கர்க், ஜான் கிர்வான். 1987இல் முதல் ரக்பி உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய நியூசிலாந்து அணித் தலைவர் அந்த கர்க்தான். 1981இல் காவல்துறையின் சிவப்பு அணிக்குத் துணைத் தளபதியாக இருந்த ராஸ் முரான்ட் அதே ஆண்டு தேசியக் கட்சி வேட்பாளராக நின்று நாடாளுமன்றம் போனார். நாடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடவில்லை என்பதற்கு இந்த இரண்டு வெற்றிகளும் போதும்.

1992இல், மண்டேலா விடுதலையாகி இரண்டாண்டுகளுக்குப் பிறகு, ஆல் பிளாக்ஸும் ஸ்பிரிங்பாக்கும் மீண்டும் மோதின. மாவோரி வீரர்களை ஒதுக்கி அணிகளை அனுப்பியதற்காக நியூசிலாந்து ரக்பி சங்கம் மன்னிப்புக் கேட்டது 2010இல். தென்னாப்பிரிக்கச் சங்கமும் அதே நேரத்தில் கேட்டது. ஜார்ஜ் நேப்பியா அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே இறந்துபோயிருந்தார்.